கடைசிக் கால வைத்தியம் எப்படி வேண்டும் என்று எழுதிவைப்பது: மலையகக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இராத்திரி பதினொன்றரை இருக்கும். டியூட்டி டொக்டர் வெளியே வந்து, "மெஷினில் போடுவதா இல்லையா? யார் முடிவு சொல்வது?" என்று சிங்களத்தில் கேட்டார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நாங்கள் ஐந்து பேர் நின்றோம். அண்ணன் என்னைப் பார்த்தார், நான் சித்தப்பாவைப் பார்த்தேன். கடைசியில் அண்ணன்தான், "செய்யக்கூடிய எல்லாத்தையும் செய்யுங்க டொக்டர்" என்றார். வேறு என்ன சொல்ல? அப்பாவின் விருப்பம் என்னவென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆறு வருஷமாக நெஞ்சு நோயோடு கிளினிக் போய் வந்த மனிதரிடம் ஒருநாளாவது அதைக் கேட்டதில்லை.

அப்பா 19 நாட்கள் மூச்சு மெஷினில் இருந்தார். குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று இரண்டு கையையும் துணிப்பட்டையால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். பெக்டரியில் ரோலிங் மெஷினுக்குப் பக்கத்தில் 31 வருஷம் நின்ற கை அது. நகக்கண்ணில் தேயிலைச் சாயம் கடைசிவரை போகவில்லை. நான் பக்கத்தில் போனால் அந்த விரல் என் உள்ளங்கையில் எதையோ எழுதப் பார்க்கும். என்ன எழுதினார் என்று எனக்கு விளங்கவே இல்லை.

டொக்டர்மார் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேட்க வேண்டியதைத்தான் கேட்டார்கள். பதிலோடு போயிருக்க வேண்டியவர்கள் நாங்கள். அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒன்று எழுதினோம். எங்கள் டிவிஷனில் இன்னும் சிலருக்கும் எழுதக் கூட இருந்திருக்கிறேன். அதில் படித்ததைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

இது என்ன கடதாசி?

ஆங்கிலத்தில் ‘லிவிங் வில்’ என்று சொல்கிறார்கள். ஒருவர் நல்ல புத்தி தெளிவோடு இருக்கும்போதே, "நான் பேச முடியாத நிலைக்கு வந்துவிட்டால் எனக்கு இந்த இந்த வைத்தியம் வேண்டும், இது இது வேண்டாம், எனக்காக இவர் பேசுவார்" என்று எழுதி ஒப்பமிட்டு வைப்பது. 18 வயது நிரம்பிய யாரும் எழுதலாம். அவர் பேசக்கூடிய நிலையில் இருக்கும்வரை இந்தக் கடதாசிக்கு வேலையே இல்லை. அவர் வாயால் சொல்வதுதான் செல்லும்.

மரணசாசனத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மரணசாசனம் சொத்துக்கானது, ஆள் போன பிறகு திறப்பது. அதற்கு 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் வேண்டும், அல்லது ஐந்து சாட்சிகள் வேண்டும். வைத்திய விருப்பத்தை அதற்குள் எழுதிவைத்தால், தேவைப்படும் நேரத்தில் அது பெட்டிக்குள்தான் கிடக்கும்.

அற்றோணித் தத்துவமும் (நமக்காகக் காரியம் பார்க்க இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) இதற்குச் சரிவராது. எழுதிக்கொடுத்தவர் புத்தி தெளிவை இழந்தால் அதோடு அந்தத் தத்துவத்தின் வலுவும் போய்விடும். நமக்குத் தேவைப்படுவதோ சரியாக அந்த நேரத்தில்.

யூடியூப்பில் தேடினால் இந்தியக் காணொளிகள்தான் வரிசையாக வரும். இந்திய உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9ஆம் திகதி இப்படியான கடதாசியை அங்கீகரித்தது, 2023 ஜனவரியில் அதன் நடைமுறையைச் சுலபமாக்கியது. அதெல்லாம் அந்த நாட்டுக்கு. அந்தப் படிவத்தை நிரப்பிக்கொண்டுவந்து இங்கே நீட்டினால் அது இந்தியச் சட்டத்தைத்தான் பேசும். இலங்கையில் லிவிங் வில்லுக்கென்று தனிச் சட்டம் கிடையாது.

அப்படியென்றால் எழுதி என்ன பிரயோசனம் என்று கேட்பீர்கள். அம்மாவும் அதைத்தான் கேட்டார். புத்தி தெளிவுள்ள பெரியவர் ஒருவருக்கு எந்தச் சிகிச்சையையும் மறுக்க உரிமை இருக்கிறது. அவர் சம்மதமில்லாமல் டொக்டர் கைவைக்க முடியாது. பேச முடியாமல் போனவர் என்ன நினைத்திருப்பார் என்பதற்கு அவரே எழுதி ஒப்பமிட்ட கடதாசியைவிடப் பெரிய சாட்சி எது? டொக்டர் அதைப் பார்த்து, நோயின் நிலைமையையும் பார்த்து, குடும்பத்தோடு பேசித்தான் முடிவெடுப்பார். கடதாசி அவரைக் கட்டிப்போடாது, ஆனால் வழி காட்டும். அதோடு, தாழ்வாரத்தில் நிற்கும் பிள்ளைகளுக்குள் சண்டை வராது. என் கணக்கில் இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஊசி போட்டு உயிரை முடித்துவிடும்படி இதில் எழுத முடியாது. அது இங்கே குற்றம். பலன் தராத சிகிச்சையை வேண்டாம் என்பது வேறு, உயிரை எடுக்கச் சொல்வது வேறு.

முதலில் நோய் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

நோய் தெரியாமல் எழுதினால் கடதாசி வெறும் பயத்தில் எழுதியதாகிவிடும். அடுத்த கிளினிக் நாளில் டொக்டரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்: இந்த நோய் சுகமாகுமா, கட்டுப்பாட்டில் மட்டும் வைக்கலாமா? இனி எப்படிப் போகும்? திடீரென்று மோசமானால் என்ன நடக்கும்? அப்போது என்னென்ன செய்வீர்கள்?

கிளினிக்கில் நூறு பேர் வரிசையில் இருப்பார்கள், டொக்டருக்கு நேரம் இருக்காது. அது உண்மைதான். கேள்விகளைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு துண்டில் எழுதி கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொடுங்கள். எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் நின்று பதில் சொல்வார்கள். மொழிபெயர்க்க ஸ்கூல் போகிற பேரப்பிள்ளையைக் கூட்டிப்போகாதீர்கள். "உங்க தாத்தாவுக்கு இனிச் சுகமாகாது" என்பதை 14 வயதுப் பிள்ளை தன் வாயாலே தாத்தாவுக்குச் சொல்லும்படி ஆகிவிடும். சிங்களம் நன்றாகத் தெரிந்த, வயது வந்த ஒருவர் வரட்டும்.

நமது பக்கத்தில் வெற்றிலை புகையிலையால் வரும் வாய்ப் புற்றுநோய், விறகடுப்புப் புகையால் வரும் நெஞ்சு நோய், பாரிசவாதம், சீனி வியாதியில் பழுதாகும் சிறுநீரகம், இதயம் பலவீனமாவது ஆகியவற்றை அடிக்கடி பார்க்கிறோம். ஒவ்வொன்றின் கடைசிக் கட்டமும் வேறு மாதிரி இருக்கும். வாய்ப் புற்றுநோய்க்காரருக்குச் சாப்பாட்டுக் குழாய் பெரிய கேள்வி. நெஞ்சு நோய்க்காரருக்கு மூச்சு மெஷின். மறதி நோய் தொடங்குகிற மாதிரித் தெரிந்தால் தாமதிக்கவே வேண்டாம். புத்தி தெளிவு இருக்கும்போது எழுதியதுதான் செல்லும்.

வீட்டில் பேச்சை எடுப்பது

கடதாசியைவிட இதுதான் கஷ்டம். "வாய வச்சா நடந்துரும்" என்று நம் வீடுகளில் நம்புகிறோம். நான் முதல் தடவை அம்மாவிடம் கேட்டபோது, "என்னப் போகச் சொல்றியா புள்ள?" என்று கேட்டுவிட்டுக் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்று மாதம் நான் அதைப் பற்றி மூச்சே விடவில்லை.

அப்புறம் அப்பாவின் திவசத்தன்று, படைத்து முடித்து எல்லோரும் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தபோது அம்மாவே ஆரம்பித்தார்: "அந்த மனுசனக் கட்டிப்போட்ட மாதிரி என்னைய கட்டிப்போடாதீங்க." அதுதான் வாசல். அதைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன். சாவைப் பற்றிக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இன்னொருவருடைய சாவைப் பற்றிக் கேட்டால் திறப்பார்கள். "மாமா ஆஸ்பத்திரியில அப்படி இருந்தாரே, நீங்களா இருந்தா என்ன செய்யச் சொல்லியிருப்பீங்க?" என்று கேட்டுப்பாருங்கள்.

"மெஷின் வேணுமா வேணாமா" என்றும் எடுத்தவுடன் கேட்காதீர்கள். எது இருந்தால் உயிரோடு இருப்பது உங்களுக்குப் பெறுமதி என்று கேளுங்கள். அம்மா விரலை மடக்கி எண்ணிச் சொன்னார்: "ஆள் அடையாளம் தெரியணும். நானா வாயில தண்ணி குடிக்கணும். வெத்தல போட முடியாட்டியும் பரவாயில்ல. மத்தவங்க எனக்கு மலசலம் எடுத்தா அதையும் பொறுத்துக்குவேன். ஆனா ஆள் தெரியாம, மாசக்கணக்குல கெடக்க மாட்டேன்." பக்கம் பக்கமாக எழுதினாலும் டொக்டருக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அப்படியே, அந்த வார்த்தைகளிலேயே சீ.ஆர். கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

ஒவ்வொரு சிகிச்சையும் என்ன செய்யும்

வேண்டும், வேண்டாம் என்று எழுதுமுன் இவற்றை விளங்கிக்கொள்ள வேண்டும். பேர் தெரியாத மெஷினை வேண்டாமென்று சொல்வதில் அர்த்தமில்லை.

நெஞ்சை அமுக்கி உயிர்ப்பிப்பது (சீ.பீ.ஆர்.): இதயம் நின்றவுடன் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அமுக்குவார்கள். விலா எலும்பு உடைவது சகஜம். நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று மாரடைப்பு வந்தால் இது உயிரைக் காப்பாற்றும், கட்டாயம் செய்ய வேண்டும். முற்றிய புற்றுநோயில் உடம்பு முழுக்கத் தளர்ந்து, இதயம் கடைசியாக நிற்கும்போது செய்தால் பலன் கிடைப்பது மிக மிக அரிது. ஆகவே "சீ.பீ.ஆர். வேண்டாம்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்த நிலையில் வேண்டாம் என்று எழுதுங்கள்.

மூச்சு மெஷின் (வென்டிலேட்டர்): தொண்டைக்குள் குழாய் போட்டு நுரையீரலுக்குக் காற்றுத் தள்ளும். குழாய் இருக்கும்வரை பேச முடியாது, வாயால் சாப்பிட முடியாது. பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்துத்தான் வைத்திருப்பார்கள். நாள் நீண்டால் தொண்டையில் துளையிட்டுக் குழாயை மாற்றுவார்கள். நியூமோனியா மாதிரிச் சுகமாகக்கூடிய நோய்க்கு, உடம்பு தேறும்வரை சில நாட்கள் தாங்கிப்பிடிக்கும் அருமையான மெஷின் இது. நுரையீரலே முற்றாகப் பழுதானவருக்கு அதைப் போடுவது சுலபம், எடுப்பதுதான் கஷ்டம். நெஞ்சு நோய்க்காரர்களுக்கு இடையில் இன்னொரு வழியும் உண்டு: முகத்தில் இறுக்கமாக மாஸ்க் போட்டுக் காற்றுத் தள்ளுவது. இதில் தொண்டைக்குள் குழாய் போகாது. அப்பாவுக்கு அது ஒத்து வந்திருக்குமா என்று நாங்கள் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு வசனத்தை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: "கொஞ்ச நாள் போட்டுப் பாருங்கள்; தேறாவிட்டால் எடுத்துவிட்டு வலியில்லாமல் வைத்திருங்கள்." முழுக்க வேண்டும், முழுக்க வேண்டாம் என்ற இரண்டுக்கும் நடுவில் இப்படி ஒரு வழி இருக்கிறது. எத்தனை நாள் என்பதை டொக்டர் சொல்வார். நான் கூட இருந்து எழுதிய கடதாசிகளில் அநேகம் பேர் இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

சாப்பாட்டுக் குழாய்: மூக்கு வழியாகவோ வயிற்றில் துளையிட்டோ போடுவது. நம் ஆட்களுக்கு மிகவும் வலிக்கிற கேள்வி இது. "சோறு தண்ணி குடுக்காம சாக விடுறதா?" என்று கேட்பார்கள். வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் பிடிக்கும் (கதிர்ச் சிகிச்சை) காலத்தில் குழாய் போட்டால் உடம்பு தாங்கும், சிகிச்சை முடிந்ததும் எடுத்துவிடலாம். அதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். மறதி நோய் முற்றிய கட்டத்தில் போடும் குழாய் ஆயுளைக் கூட்டுவதாகக் காணப்படவில்லை, புரையேறுவதையும் தடுப்பதில்லை. கடைசி நாட்களில் உடம்பே பசியையும் தாகத்தையும் விட்டுவிடும். அப்போது பஞ்சை நனைத்து உதட்டை ஈரமாக வைப்பதும், அவர் கேட்டால் ஒரு கரண்டி பிளேன்டீ கொடுப்பதும்தான் அவருக்குச் சுகம் தரும். அதுவும் சாப்பாடு கொடுப்பதுதான்.

டயாலிசிஸ்: சிறுநீரகம் பழுதானவரின் இரத்தத்தை மெஷினால் சுத்தம் செய்வது. கிழமைக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணித்தியாலம் அளவில். சிகிச்சைக்குக் காசு வாங்காவிட்டாலும், தோட்டத்திலிருந்து டவுனுக்கு வேன் கூலி, கூடப் போகிறவரின் ஒருநாள் பேர் (நாட்சம்பளம்) எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதைச் சொல்ல யாரும் வெட்கப்பட வேண்டாம். ஆனால் காசுக்குப் பயந்து மட்டும் "வேண்டாம்" என்று எழுதுகிறாரா என்பதைப் பிள்ளைகள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படியென்றால் கடதாசியை மூடிவைத்துவிட்டு முதலில் காசைப் பற்றிப் பேசுங்கள்.

இரத்தம் ஏற்றுவது, சேலைன், அன்டிபயோட்டிக் போன்றவற்றை "எனக்குச் சுகம் தருமென்றால் கொடுங்கள்" என்று ஒரே வரியில் எழுதினால் போதும்.

வலி மருந்தைப் பற்றி மட்டும் நீட்டிச் சொல்கிறேன். மோர்பின் கொடுத்தால் ஆள் சீக்கிரம் போய்விடுவார் என்ற பயம் தோட்டங்களில் பரவலாக இருக்கிறது. டொக்டர் சொன்ன அளவில் கொடுக்கும் மோர்பின் உயிரைக் குறைப்பதில்லை. வலியையும், கடைசிக்கால மூச்சுத் திணறலையும் குறைக்கும். மலச்சிக்கல் வரும், ஆகவே அதற்கான மருந்தையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். உங்கள் கடதாசியில் மற்ற எதை வேண்டாமென்று எழுதினாலும், "வலியும் மூச்சுத் திணறலும் இல்லாமல் வைத்திருக்க எல்லா மருந்தும் வேண்டும்" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். இந்த வகைப் பராமரிப்புக்குச் சிங்களத்தில் ‘சஹன சத்கார’ என்று பேர், தமிழில் நோய்த்தணிப்புப் பராமரிப்பு. சுகாதார அமைச்சு 2019 முதல் 2023 வரைக்கென்று இதற்கு ஒரு தேசியத் திட்டமே வகுத்தது. வாட்டில் அந்தப் பேரைச் சொல்லிக் கேளுங்கள். "எல்லாத்தையும் நிப்பாட்டுங்க" என்று சொல்வதற்கும் "சஹன சத்கார குடுங்க" என்று சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

யார் பேசுவது?

ஈ.பீ.எஃப். காசுக்கு நாமினி போடத் தெரிந்த நாம், நம் உடம்புக்கு ஆள் போடுவதில்லை. ஒருவரைப் பேர் சொல்லி எழுதுங்கள். அவர் கிடைக்காவிட்டால் இரண்டாவதாக இன்னொருவர். இரண்டே பேர் போதும். பிள்ளைகள் எல்லோரையும் எழுதினால் ஒருவரையும் எழுதாத மாதிரித்தான்.

மூத்த மகனைத்தான் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. பதற்றப்படாமல் நிற்கக்கூடியவர், தன் ஆசையை ஒதுக்கிவைத்து உங்கள் விருப்பத்தைச் சொல்லக்கூடியவர், இரண்டு மூன்று மணித்தியாலத்தில் வைத்தியசாலைக்கு வந்து சேரக்கூடியவர் யார் என்று பாருங்கள். மகன் கொழும்பில் கடையில் நிற்பார், மகள் குவைத்தில் இருப்பார். அவர்களோடு வட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாம். வாட்டில் நிற்கும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் டிவிஷனில் கோயில் மேட்டுக்கு ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். அதனால் அம்மா ஹட்டனில் இருக்கும் என் தங்கையின் பேரை முதலாவதாகவும் என் பேரை இரண்டாவதாகவும் போட்டார். எனக்கு முதலில் மனசு வலித்தது. ஆனால் தங்கைக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக வரும், போனும் எப்போதும் வேலை செய்யும். அம்மா சரியாகத்தான் யோசித்திருக்கிறார்.

யாரைப் போடுகிறீர்களோ அவரிடம் முதலில் கேளுங்கள். போடாதவர்களிடமும் சொல்லிவிடுங்கள். அண்ணன் மனம் கோணாமல் இருக்க, அம்மா அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நீ பெரியவன், ஒன்னால வேணாம்னு சொல்ல முடியாது, எனக்குத் தெரியும்" என்று தானே சொன்னார்.

எழுதுவது

அச்சுப் படிவம் தேவையில்லை. நல்ல தாளில் நீல அல்லது கறுப்புப் பேனையால் எழுதினால் போதும், டைப் செய்தால் இன்னும் நல்லது. இப்படி எழுதலாம்:

"நான், (முழுப் பெயர்), தேசிய அடையாள அட்டை இலக்கம் (…), (தோட்டம், டிவிஷன், தபால் முகவரி) இல் வசிப்பவர். நான் புத்தி தெளிவோடும், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமலும் இதை எழுதுகிறேன். எனக்கு (நோய்) இருப்பதாக டொக்டர் எனக்கு விளக்கியிருக்கிறார்.

நான் பேசவோ முடிவெடுக்கவோ முடியாத நிலைக்கு வந்தால் எனக்காகப் பேச (பெயர், உறவு, தொலைபேசி) அவர்களை நியமிக்கிறேன். அவர் கிடைக்காவிட்டால் (பெயர், உறவு, தொலைபேசி).

எனக்கு முக்கியமானவை: (உங்கள் சொந்த வார்த்தையில்).

சுகமாகக்கூடிய நோய் என்றால் முழுச் சிகிச்சையும் தாருங்கள். நான் திரும்பவும் ஆட்களை அடையாளம் தெரிந்துகொள்ளும் நிலைக்கு வரமாட்டேன் என்று, அல்லது என் நோய் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது என்று டொக்டர்கள் கருதினால், இதயம் நின்ற பிறகு நெஞ்சை அமுக்க வேண்டாம். மூச்சு மெஷினில் போட வேண்டாம். போட்டிருந்தால், தேறவில்லை என்று கண்டதும் எடுத்துவிடுங்கள்.

எந்த நிலையிலும் வலியும் மூச்சுத் திணறலும் இல்லாமல் வைத்திருக்க வேண்டிய மருந்துகளைத் தாருங்கள்.

முடிந்தால் என் கடைசி நாட்களை (வீட்டில் / வைத்தியசாலையில்) கழிக்க விரும்புகிறேன்.

திகதி, ஒப்பம்."

இதை அப்படியே பார்த்து எழுத வேண்டாம். ‘எனக்கு முக்கியமானவை’ என்ற இடம் உங்கள் பேச்சில் இருக்கட்டும். மற்ற வரிகளையும் உங்கள் நோய்க்கும் விருப்பத்துக்கும் ஏற்ப மாற்றுங்கள்.

மதம் சம்பந்தமான விருப்பத்தையும் சேர்க்கலாம்: விபூதி பூச வேண்டும், பாதர் வந்து ஜெபம் செய்ய வேண்டும் என்பது மாதிரி. கண்தானம் செய்ய விருப்பமிருந்தால் 1961இல் தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கத்தில் பதிந்து, அதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். கண்ணைச் சில மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் வீட்டார் அதை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

சாட்சியும் மொழியும்

இரண்டு சாட்சிகள் வையுங்கள். உங்களுக்காகப் பேச நியமித்தவரோ, உங்கள் சொத்து யாருக்குப் போகிறதோ அவரோ சாட்சியாக இருக்க வேண்டாம். ஒருவராவது குடும்பத்துக்கு வெளியே இருக்கட்டும்: ஸ்கூல் அதிபர், கோயில் ஐயர், மருந்துக்காம்பரா (தோட்ட மருந்தகம்) டொக்டர் ஐயா, யாரும் சரி. இன்னும் உறுதி வேண்டுமென்றால் இதே விஷயத்தைச் சத்தியக் கடதாசியாக எழுதி சமாதான நீதவான் முன்னால் ஒப்பமிடலாம். கட்டாயமில்லை. ஆனால் சீல் உள்ள கடதாசிக்கு ஆஸ்பத்திரியில் மரியாதை கூட.

கையெழுத்துப் போடத் தெரியாதவர் பெருவிரல் அடையாளம் வைக்கலாம். அப்படியானால், "இதைத் தமிழில் வாசித்துக் காட்டினோம், அவர் விளங்கிக்கொண்டு எங்கள் முன்னால் விரலடையாளம் வைத்தார்" என்று சாட்சிகள் எழுதி ஒப்பமிட வேண்டும். வாசித்துக் காட்டும்போது போனில் வீடியோ எடுத்துவையுங்கள். அவரே தன் வாயால் சொல்வது இரண்டு நிமிடம் இருந்தாலும், பிறகு சந்தேகப்படுகிற சொந்தக்காரர்களுக்கு அதைக் காட்டலாம்.

மொழிதான் நமக்கு உள்ள பெரிய முட்டுக்கட்டை. இராத்திரி டியூட்டியில் இருக்கும் டொக்டருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். அவருக்கு விளங்காத கடதாசி அந்த நேரத்தில் வெறும் தாள்தான். தமிழ் மூலத்தோடு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு பிரதியைச் சேர்த்துக் குத்துங்கள். சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் செய்தால் நல்லது, வசதியில்லாவிட்டால் ஸ்கூல் டீச்சர் ஒருவரிடம் செய்து அவர் பேரையும் ஒப்பத்தையும் வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலே அரைப் பக்கத்தில், பெரிய எழுத்தில், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்: நோயாளியின் பேர், நோய், பேச வேண்டியவரின் போன் நம்பர், முக்கியமான மூன்று விருப்பங்கள். டொக்டர் முதலில் வாசிக்கப்போவது அந்த அரைப் பக்கத்தைத்தான்.

கடதாசி ஆளோடு போக வேண்டும்

நம் ஆட்கள் ஒரே ஆஸ்பத்திரியில் இருப்பதில்லை. மருந்துக்காம்பராவிலிருந்து பொகவந்தலாவைக்கு, அங்கிருந்து டிக்கோயாவுக்கு, அங்கிருந்து நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ மாற்றிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு இடத்திலும் புது டொக்டர், புது மிஸ் (நர்ஸ்). முதல் ஆஸ்பத்திரியில் சொன்னது மூன்றாவது ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பாதீர்கள்.

அதனால் ஒரு பிரதி கிளினிக் கொப்பியின் பின்னட்டைக்குள், பொலித்தீன் உறையில் இருக்கட்டும். மழையில் ஓடும்போது வேறெதை மறந்தாலும் கிளினிக் கொப்பியை மறக்க மாட்டோம். மூலப் பிரதி பேச வேண்டியவரிடம், இன்னொன்று மருந்துக்காம்பராவில், போட்டோ எடுத்துக் குடும்ப வட்ஸ்அப்பில். அலுமாரிப் பூட்டுக்குள் மட்டும் வைக்காதீர்கள்.

வாட்டில் சேர்த்தவுடன் கொப்பியோடு சேர்த்து இதையும் காட்டுங்கள். காலையில் பெரிய டொக்டர் சுற்றி வரும்போது பேச நேரம் கேளுங்கள். நோயாளியின் பெட்ஹெட் டிக்கட்டில் (வாட்டில் அவருக்கென்று எழுதிவைக்கும் பதிவுத் தாள்) இதை ஒரு வரியாவது எழுதிவைக்கும்படி பணிவாகக் கேளுங்கள். இராத்திரி வரும் டொக்டர் அந்த டிக்கட்டைத்தான் பார்ப்பார். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றும்போது மாற்றக் கடிதத்திலும் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

1990 என்ற நம்பருக்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட்டால் அவர்கள் உயிரைக் காப்பாற்றத்தான் வருகிறார்கள், அது அவர்கள் கடமை. இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று டொக்டரோடு பேசி முடிவெடுத்து வீட்டில் வைத்திருப்பவருக்கு, கூப்பிடுமுன் யோசியுங்கள். ஆனால் வலியோ திணறலோ வீட்டில் சமாளிக்க முடியாத அளவுக்குப் போனால் தயங்காமல் கூப்பிடுங்கள். கடதாசியைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

வீட்டில் போக விரும்பினால்

லயக் காம்பராவில், சொந்த பந்தம் சுற்றியிருக்க, கண்ணை மூட வேண்டும் என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள். அதற்கு ஆயத்தம் வேண்டும். இராத்திரியில் வலி கூடினால் கொடுக்க வேண்டிய மருந்தும் அளவும் எழுத்தில் கையில் இருக்க வேண்டும். கக்கூஸ் தூரமென்றால் பெட்பேன் ஒன்று. பார்த்துக்கொள்ள இரண்டு பேராவது முறை மாற்ற வேண்டும். கொழுந்து பறிக்கப் போகும் மகள் ஒருத்தி தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டால் அவளும் விழுந்துவிடுவாள்.

நோய் விபரம் எழுதி ஆஸ்பத்திரியில் கொடுக்கும் டயக்னோசிஸ் கார்ட்டைப் பத்திரமாக வையுங்கள். கிராம சேவகருக்கும் தோட்ட ஒபிஸுக்கும் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவையுங்கள். மரணத்தைப் பதியும்போது நீண்ட நாள் நோய் என்பதற்கு அந்தக் கார்ட்தான் ஆதாரம். அது இல்லாமல் திடீர் மரணமாகக் கருதப்பட்டால் விசாரணை, பிரேதப் பரிசோதனை என்று அந்தத் துக்கத்திலும் அலைய வேண்டிவரும்.

மாற்றி எழுதுவது

மனசு மாறும். அதில் தப்பே இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, அல்லது நோய் மாறும்போது, அல்லது நியமித்தவர் வெளிநாடு போனால் எடுத்துப் பாருங்கள். மாற்றினால் புதிதாக எழுதி, புதுத் திகதி போட்டு, பழைய பிரதிகளை எல்லா இடத்திலிருந்தும் வாங்கிக் கிழித்துவிடுங்கள். மருந்துக்காம்பராவில் கொடுத்ததையும் மறக்காதீர்கள்.

நாங்கள் தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் அம்மாவின் கடதாசியை எடுக்கிறோம். போன தடவை நான் வாசித்துக்கொண்டு போக, "டயாலிசிஸ் வேண்டாம்" என்ற வரியில் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். தங்கைக்குச் சித்திரையில் பிள்ளை பிறக்க இருந்தது. "அத வெட்டு புள்ள. கொஞ்ச நாள் செஞ்சு பாக்கட்டும்" என்றார். வெட்டிவிட்டுப் புதுத் தாளில் முழுவதையும் திரும்ப எழுதினேன். அம்மா கண்ணாடியைப் போட்டு, பேனையை இறுக்கிப் பிடித்து, பேரை ஒவ்வோர் எழுத்தாகப் போட்டு முடிக்க இரண்டு நிமிடம் ஆனது. பிறகு பழைய தாளை வாங்கி, தானே அடுப்பில் வைத்தார்.